ரிசீவர் பொறுப்பில் இருக்கும் வீட்டை வாங்கலாமா?

பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட் ரிசீவர் (வழக்கு நடக்கும்போது சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் நியமிக்கும் ஆள்) போட்டிருக்கும் வீடு, கிரயப் பத்திரத்தில் அவரே கையெழுத்துப் போடுவார் என்று தரகர் சொல்கிறார், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்பனைக்கு அனுமதி கொடுத்த உத்தரவின் சான்றிட்ட நகல் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரிசீவரை நியமித்த உத்தரவைக் காட்டினால் போதாது.

எங்கள் தாத்தாவின் கடைக் கட்டடம் ஒன்பது வருடம் ஒரு ரிசீவர் கையில் இருந்தது. அவர் ஒரு வக்கீல். வாடகை வசூலிப்பார், வரி கட்டுவார், கோர்ட்டில் கணக்குக் கொடுப்பார். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 40-இன்படி, சொந்தக்காரருக்கு உள்ள அதிகாரங்களில் எவற்றைக் கோர்ட் எழுதிக் கொடுக்கிறதோ அவைதான் ரிசீவருக்கு. எங்கள் உத்தரவில் விற்பனை என்ற பேச்சே இல்லை.

நடுவில் என் பெரியப்பா, ஒரு வியாபாரியிடம் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு தனியாக அக்ரிமென்ட் போட்டுவிட்டார்! வழக்கு நடக்கும்போது ஒரு தரப்பு விற்றால் அந்தக் கிரயமே செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆனால் தீர்ப்பில் விற்றவருக்கு எது கிடைக்கிறதோ அதுதான் வாங்கியவருக்கும். சொத்து மாற்றுச் சட்டம் 52-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கோர்ட் அனுமதியோடு, அது போடும் நிபந்தனைப்படி நடக்கும் விற்பனைக்கு மட்டும் அதே பிரிவு விலக்குத் தருகிறது. நீங்கள் அந்த விலக்குக்குள் வர வேண்டும். பெரியப்பாவிடம் பணம் கொடுத்தவர் வரவில்லை. அந்த இரண்டு லட்சத்தைத் திரும்ப வாங்க அவர் பட்ட பாடு தனிக் கதை.

கடைசியில் ரிசீவர் விற்பனைக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டார். எல்லாத் தரப்புக்கும் நோட்டீஸ் போனது. 62 லட்சத்துக்கு ஓர் ஆள் தயாராக இருந்தார். விலை குறைவு என்று அத்தை ஆட்சேபித்ததால், கோர்ட் ஏலம் விடச் சொன்னது. 81 லட்சத்துக்குப் போனது. அத்தையை அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்புறம் வாயே திறக்கவில்லை.

டிகிரியை, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணையை, நிறைவேற்ற நடக்கும் கோர்ட் ஏலம் என்றால் 25 சதவீதம் உடனே கட்ட வேண்டும், மீதியை 15 நாளுக்குள். தவறினால் மறு ஏலம், கட்டிய பணமும் பறிபோகலாம். ரிசீவர் விற்பனையில் கெடு என்ன என்பதை அனுமதி உத்தரவிலேயே பாருங்கள். எங்களுக்கு இதே கணக்கைத்தான் வைத்தார்கள். ஏலத்தில் ஜெயித்தாலும் கோர்ட் உறுதிசெய்யும்வரை அது உங்கள் சொத்து இல்லை.

வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். வழக்கில் ஒரு தரப்பாக இல்லாத வங்கியின் அடமானம் ரிசீவர் விற்பதால் தீர்ந்துவிடாது. வழக்கு எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடினால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றும் தெரியும். எண்ணைத் தரத் தரகர் இழுத்தடித்தால் வேறு வீடு பாருங்கள்.

குடியிருப்பவர் யார் என்றும் நேரில் போய்ப் பாருங்கள். வழக்கின் தரப்புகளுக்கே வெளியேற்ற உரிமை இல்லாத ஒருவரை, ரிசீவர் போட்டதைக் காரணமாக வைத்துக் கோர்ட் வெளியேற்ற முடியாது. அதுவும் ஆர்டர் 40-இல்தான் இருக்கிறது. எங்கள் கட்டடத்து மாடியில் இருந்த தையல்காரர் இன்றும் அங்கேதான் தைக்கிறார். வாடகை மட்டும் இப்போது புது முதலாளிக்குப் போகிறது.