டேங்க் பெரிதானால் ஷவரில் தண்ணீர் வேகமாக வருமா?

நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: மாடி வைத்த புது வீடு, மொட்டை மாடித் தளத்திலேயே 1000 லிட்டர் டேங்க். கீழே குழாய்களில் தண்ணீர் நன்றாக வருகிறது, மாடி பாத்ரூம் ஷவரில் மட்டும் மெல்லிசாக ஒழுகுகிறது, கடைசியாகக் குளிப்பவருக்கு அதுவும் குறைந்துவிடுகிறது. 2000 லிட்டர் டேங்க் வைக்கச் சொல்கிறார் பிளம்பர். வைக்கலாமா?

வைக்காதீர்கள். காசு போவது ஒரு பக்கம், தளத்தின் மேல் இன்னொரு டன் எடை ஏறும், ஷவர் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் வீட்டில் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுவது புவியீர்ப்பு விசை மட்டும்தான். அந்த அழுத்தத்துக்கு உயரம்தான் கணக்கு, எத்தனை லிட்டர் என்பது இல்லை. மேட்டூர் அணையைப் பற்றி நாம் இரண்டு கணக்கு பேசுகிறோம் இல்லையா, நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று? பாசனத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க டி.எம்.சி. வேண்டும். அடியில் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்றால் அடிக்கணக்கு மட்டும் போதும். வீட்டுக் கிணறு ஒன்றில் 120 அடிக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியிலும் அதே அழுத்தம்தான், சதுர சென்டிமீட்டருக்கு 3.7 கிலோ சுமார்.

காரணம் எளிது. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 100 மில்லி, எடை 100 கிராம். அந்த இடம் தாங்குவது அவ்வளவுதான். பக்கத்தில் பரந்து நிற்கும் தண்ணீரின் எடையை அதனதன் கீழே உள்ள தரை தாங்கிக்கொள்கிறது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். தளம் 10 அடி, ஷவர் 7 அடி உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், தளத்தின் கனம் அரை அடியையும் சேர்த்து டேங்கின் அடிப்பக்கம் ஷவருக்கு மேலே மூன்றரை அடிதான், உள்ளே 2 அடி தண்ணீர் இருந்தால் மொத்தம் ஐந்தரை. கீழ் வீட்டு பாத்ரூமுக்கு இன்னும் பத்தடி கூடுகிறது, அழுத்தம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதனால்தான் அங்கே குறையே இல்லை. டேங்கில் மட்டம் இறங்க இறங்க மேலே அந்த ஐந்தரையும் குறைந்துகொண்டே வரும், கடைசி ஆளுக்கு ஒழுகுவது இதனால்தான்.

செலவு பண்ணுவதற்கு முன் ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். வெறும் குழாயில் நன்றாகக் கொட்டினால் கோளாறு ஷவரில்தான், துளைகளில் உப்பு அடைத்திருக்கும், அல்லது அது பிரஷர் பம்புக்கென்று செய்த பெரிய ஷவராக இருக்கும். வெறும் குழாயிலும் ஒழுகினால் அடுத்து பைப்பைப் பாருங்கள். டேங்கிலிருந்து அரை இன்ச் பைப்பே வந்தால், அதை முக்கால் இன்ச்சாக மாற்றினால் அதே உயரத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் வரும், பைப்பின் சுவரோடு தண்ணீர் உரசி இழக்கும் வேகம் அவ்வளவு. பைப் எங்கேயாவது மேலே ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள், அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும், அங்கே ஒரு ஏர் வென்ட் வைத்தால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் டேங்கை உயர்த்த வேண்டும். ஆறடி உயர்த்தினால் அழுத்தம் இரட்டிப்பாகும், ஆனால் தண்ணீர் இரட்டிப்பாக வராது, சுமார் 40 சதவீதம்தான் கூடும். மேடையை பீம் அல்லது தூண் மேல் நிற்கும்படி பொறியாளரைக் கேட்டுக் கட்டுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம். அப்புறம் டேங்கைக் கட்டி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பிளாஸ்டிக் டேங்குகள் பறந்ததை நம் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புயல் அறிவிப்பு வந்ததும் டேங்கை நிரப்பிவிடுங்கள், காலியாக இருப்பதுதான் முதலில் கிளம்பும்.

பிரஷர் பம்ப் கடைசி வழி. வேலை செய்யும், ஆனால் கரண்ட் போனால் அதுவும் நிற்கும், அதனால் பம்பைத் தவிர்த்துத் தண்ணீர் நேராக வர ஒரு பைபாஸ் வால்வு சேர்த்தே போடச் சொல்லுங்கள்.