கணவர் வந்து ஒரு மாதம், ஸ்கேனில் ஆறு வாரமா?

கேள்வி: எனக்கு மார்ச் 1 அன்று மாதவிலக்கு வந்தது. கணவர் துபாயிலிருந்து 12-ஆம் தேதி வந்தார். ஏப்ரல் 12 அன்று எடுத்த ஸ்கேனில் ‘6 வாரம்’ என்று போட்டிருக்கிறது. வீட்டில் ஒருமாதிரி பேசுகிறார்கள். ரிப்போர்ட் தவறா?

ரிப்போர்ட் சரி. உங்கள் மேலும் எந்தத் தவறும் இல்லை. கர்ப்பத்தை எண்ணுவது கணவனும் மனைவியும் சேர்ந்த நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கரு உண்டான நாள் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, மாதவிலக்குத் தேதி தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. மார்ச் 1 முதல் ஏப்ரல் 12 வரை 42 நாள், அதாவது 6 வாரம்.

உங்களுக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருமானால், கருமுட்டை வெளியாவது மார்ச் 14, 15 வாக்கில். முட்டை ஒரு நாள் தாங்கினாலே அதிகம். விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். 12-ஆம் தேதி வந்தவருக்கு நாள் அப்படியே பொருந்துகிறது. கருவின் உண்மையான வயது 4 வாரம்தான். பிரசவத் தேதிக்குச் சொல்லும் 280 நாளிலும் முதல் இரண்டு வாரம் கருவே கிடையாது. வீட்டுப் பெரியவர்களையும் டாக்டரிடம் அழைத்துப் போய், காலண்டரை வைத்து எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். இந்த இரண்டு வாரக் கணக்குத் தெரியாமல் ஒரு பெண்ணைச் சந்தேகிப்பது பெரிய கொடுமை.

கேள்வி: 5 வாரம் 4 நாளில் ஸ்கேன். பை தெரிகிறது, இதயத்துடிப்பு இல்லை. கரு நிற்காதா?

இப்போதே அப்படிச் சொல்ல முடியாது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் 5 வாரத்தை ஒட்டிக் கருவைச் சுற்றிய பை தெரியும், ஐந்தரை வாரத்தில் அதனுள் சிறு வளையமாக மஞ்சள்கருப் பை, 6 வாரத்தை ஒட்டித் துடிப்பு. முட்டை நாலு நாள் தள்ளி வெளியாகியிருந்தால் எல்லாமே நாலு நாள் தள்ளும். கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லலாம். அதற்குக் குறைவென்றால் 7 முதல் 14 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை கலைப்பு மாத்திரைக்கு அவசரப்படாதீர்கள். அதிக ரத்தப்போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம் வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: விந்துப் பரிசோதனையில் ‘96% வடிவக் குறை’ என்று வந்திருக்கிறது. சத்து மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகிறது. மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா?

அந்த 96-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சரியான வடிவில் 4% இருந்தாலே உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் தேறிவிடும். மற்ற கீழ் வரம்புகள்: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1 கோடியே 60 லட்சம் அணு, முன்னேறி நீந்துபவை 30%.

மூன்று வாரத்தில் எடுத்துப் பயனில்லை. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 70 நாள், பிறகு விதைமேற்குழாயில் முதிர ஒன்றிரண்டு வாரம். இன்று வெளிவருவது மாத்திரை தொடங்கும் முன்பே உருவாகத் தொடங்கியது. போன மாதம் வந்த கடும் காய்ச்சலும் இந்த மாத ரிப்போர்ட்டில் தெரியும். மூன்று மாதம் கழித்து எடுங்கள். எடுக்கும் முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாத இடைவெளி வேண்டும். அணுக்கள் அதிகம் இருப்பது முதலில் வரும் பகுதியில். அது கீழே சிந்திவிட்டால் எண்ணிக்கை சரியாக வராது, சிந்தியதை லேபில் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோனால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். சாதாரண ஆணுறையில் பிடிக்காதீர்கள், அதிலுள்ள பூச்சு அணுக்களைக் கெடுக்கும். அணுவே இல்லை என்று வந்திருந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஃபோலிக் ஆசிட் கர்ப்பம் உறுதியான பிறகு போட்டால் போதாதா?

தாமதம். மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழாய் கரு உண்டான 28-ஆம் நாள் வாக்கில் மூடிவிடும். மாதவிலக்குத் தள்ளி இரண்டு வாரம் ஆகும்போது அந்த வேலை முடிந்திருக்கும். குழந்தைக்கு முயற்சிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்கி, 12 வாரம் வரை போடுங்கள். மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம்தான் கிடைக்கும். முன்பு நரம்புக்குழாய்க் குறையோடு குழந்தை உண்டானவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் போன்றோருக்கு டாக்டர் எழுதும் அளவு அது.

கேள்வி: மூன்றாவதும் பெண். மருமகளிடம் குறையா?

இல்லை. அவரது முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். எக்ஸா ஒய்யா என்பது உங்கள் மகனின் விந்தணுவில் வருவது. அதுவும் அவர் தேர்ந்தெடுப்பதல்ல.