பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஹெட் கேஸ்கட்: கேள்வி பதில்

பழைய எஞ்சின்களில், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட்டைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே காரணத்தைச் சுற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (பிடோக்): ஐயா, என் எம்ஜிபி காரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. வெளியே ஒழுகல் எதுவும் தெரியவில்லை. கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்களா என்று முதலில் கேளுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தாலும், வாட்டர் பம்ப் சூட்டில் மட்டும் கசிந்தாலும் தண்ணீர் இப்படித்தான் குறையும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கைப்பம்பு ஒன்றை ரேடியேட்டர் வாயில் பொருத்தி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்த அளவைத் தாண்டாமல் காற்றேற்றி, சில மணி நேரம் விட்டுவைத்து, பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஏதேனும் ஒரு சிலிண்டரில் ஈரம் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்ததாக, ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் ஆவியை நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுத்துப் பாருங்கள். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறிவிடும். இவற்றோடு, ஒவ்வொரு பிஸ்டனையும் அழுத்த வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து காற்றைச் செலுத்தும் கசிவுச் சோதனையையும் செய்துவிட்டால் ஐயத்துக்கு இடமிருக்காது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கசிவு தண்ணீர் வழிக்குச் செல்கிறது; பக்கத்து சிலிண்டரின் பிளக் துளையில் காற்று சீறினால் இரு சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள குறுகிய பகுதி எரிந்துபோயிருக்கிறது.

எண்ணெய் மூடியின் அடியில் தயிர்போலப் படிந்திருப்பதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சந்தைக்கும் வீட்டுக்குமாகக் குறைந்த தூரமே ஓடும் காரில், நம் ஊர் ஈரக்காற்றினால் அது தானாகவே சேரும். புகைபோக்கியின் வெண்புகை வேறு விஷயம். 30 பாகை வெயிலில், எஞ்சின் நன்கு சூடான பிறகும் அது நிற்காமல் வந்தால் பொருட்படுத்த வேண்டிய அறிகுறி.

கேள்வி (சுவா சூ காங்): என்னுடையது டொயோட்டா ஏஇ86. ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு முறை கேஸ்கட் மாற்றிவிட்டேன். இரண்டும் நல்ல தரமானவை. மூன்றாவதாக எந்தப் பிராண்டு வாங்கலாம்?

பதில்: பிராண்டை மாற்றிப் பயனில்லை என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு நல்ல கேஸ்கட்கள் ஒரே இடத்தில் போயிருந்தால் பழுது அவற்றுக்கு மேலேயோ கீழேயோ இருக்கிறது.

உங்கள் 4ஏ-ஜிஇ எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 400 மி.மீ. நீளத்துக்கு 70 பாகை சூடேறினால் அலுமினியம் சுமார் 0.64 மி.மீ. நீள்கிறது; இரும்பு அதில் பாதிதான். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இந்த வேறுபாட்டைக் கேஸ்கட் தாங்கிக்கொள்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டால் ஹெட் போல்ட்டுகளுக்கு நடுவில் விரிய இடமின்றி வில்லாக வளைந்து, ஆறிய பிறகும் நேராகாமல் நின்றுவிடும். வளைந்த ஹெட்டின் கீழ் எந்தக் கேஸ்கட்டும் நிலைக்காது.

ஆகவே ஹெட்டின் முகத்தில் நேர்க்கோலை வைத்து, நீளவாக்கில், குறுக்கே, இரு மூலைவிட்டங்களில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ. தகடு எங்காவது தாராளமாக நுழைந்தால் நான் அந்த ஹெட்டை அப்படியே பூட்டமாட்டேன். பிளாக்கின் முகத்தையும் அதே போல் அளக்க வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டிய விதத்தையும் விசாரியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் என் கார் எஞ்சினின் முகத்தைச் சுழலும் உராய்வுத் தட்டால் மளமளவென்று துடைத்தார்கள். பார்வைக்குப் பளபளவென்றிருந்தது, ஆனால் தண்ணீர்த் துளைகளைச் சுற்றி மெல்லிய பள்ளங்கள் விழுந்துவிட்டன, உதிர்ந்த உராய்வுத் தூள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளையும் அரித்துவிட்டது. அன்று முதல் பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் தவிர வேறெதையும் நான் அனுமதிப்பதில்லை.

போல்ட் துளைகளும் முக்கியம். அடியில் மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் சரியான அளவைக் காட்டும். ஆனால் போல்ட் திரவத்தின்மேல் நின்றுகொண்டிருக்கும். பிளாக்கே விரிசல் விடவும் கூடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், சூடேறியதன் காரணத்தைத் தேடுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஒரு மணி நேரம் ஐடிலில் நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றை இழுத்துத் தருவது விசிறி மட்டுமே. பலவீனமான விசிறி விரைவுச்சாலையில் குறை காட்டாது, அங்கேதான் காட்டும்.

கேள்வி (தெம்பனிஸ்): வளைந்த ஹெட்டின் முகத்தை எவ்வளவு வரை சீவி நேராக்கலாம் (ஸ்கிம் செய்யலாம்)?

பதில்: தயாரிப்பாளர் தந்த குறைந்தபட்ச உயரம் வரை, ஆனால் நேராக்கத் தேவையானதற்கு மேல் ஒரு இழை கூட வேண்டாம். மேற்சொன்ன 4ஏ-ஜிஇயில் 0.25 மி.மீ. எடுத்தால் எரி அறை சுமார் 1.2 கன செ.மீ. சுருங்கி, 9.4 ஆக இருந்த அழுத்த விகிதம் 9.6ஐ நெருங்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகள் பிளாக்கை நோக்கி இறங்குவதால் வால்வு நேரமும் சற்றுப் பின்தங்கும். பல அடுக்கு உலோகக் கேஸ்கட் போடுவதாக இருந்தால் முகம் பழைய கலப்புக் கேஸ்கட்டுக்குத் தேவையானதைவிட மிகவும் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஈசூன்): எம்ஜிஎஃப் 1.8 வாங்க ஆசை. அதன் கேஸ்கட்டைப் பற்றிப் பலரும் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயப்பட வேண்டாம், புரிந்துகொண்டு வாங்குங்கள். அதன் கே-சீரிஸ் எஞ்சினில், பிஸ்டன் ஓடும் தனிக் குழல்களான சிலிண்டர் லைனர்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. நீண்ட போல்ட்டுகள் ஹெட்டையும் பிளாக்கையும் துளைத்து அடியிலுள்ள தாங்கி வரை சென்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கவ்வுகின்றன. லைனர்களின் உதடு பிளாக்கின் முகத்தைவிட இம்மியளவு உயர்ந்து, நான்கும் ஒரே சீராக நிற்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் கேஸ்கட் நிற்காது. ஹெட்டைக் கழற்றிய பின், லைனர்களைக் கவ்வி நிறுத்தாமல் கிராங்க் தண்டைச் சுழற்றிவிட்டால் அவற்றின் அடி அடைப்பு விலகிவிடும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. தொடக்கக் கால எஞ்சின்களில் ஹெட்டை இடம் காட்டி நிறுத்தும் பின்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. எஃகுப் பின்களாக மாற்றச் சொல்லுங்கள். போல்ட்டுகளை வரிசைப்படி முதலில் 20 நியூட்டன் மீட்டர், பிறகு அரைச் சுற்று, மீண்டும் அரைச் சுற்று என்று இறுக்குவதே முறை. எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருப்பதால், நீண்ட குழாய்களிலிருந்து காற்றை முழுமையாக வெளியேற்றாவிட்டால் புதுக் கேஸ்கட்டும் விரைவில் போகும்.

கேள்வி (அங் மோ கியோ): கசிவை அடைக்க ரேடியேட்டரில் ஊற்றும் மருந்து போதாதா?

பதில்: போதாது. அது ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

கேள்வி (ஜூரோங்): கேஸ்கட் மாற்றிய பிறகு மறுபடி இறுக்க வேண்டுமா? இங்கே உறைபனி இல்லையே, வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன?

பதில்: முதல் கேள்விக்கு, எந்தக் கேஸ்கட் என்பதே விடை. எம்ஜிபி போன்றவற்றின் கலப்புக் கேஸ்கட் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சற்று அமுங்கிவிடும். நட்டுகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தி, நடுவிலிருந்து வெளிநோக்கிக் கையேட்டு வரிசைப்படி மீண்டும் இறுக்குங்கள். அந்த எஞ்சினில் ராக்கர் தாங்கிகளும் அதே ஸ்டட்டுகளில் நிற்பதால் வால்வு இடைவெளியையும் சரிபார்த்துவிடுங்கள். எம்ஜிஎஃப்பில் உள்ளவை போல், கோண அளவில் இறுக்கும்போது சற்று நீளும் போல்ட்டுகளை மறுபடி தொடாதீர்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றவே வேண்டாம். தண்ணீரோடு கலக்கும் கூலன்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் நமக்குத் தேவை. அது இல்லாவிட்டால் அலுமினிய ஹெட்டின் தண்ணீர்த் துளை ஓரங்கள் அரித்து, கேஸ்கட் அமரும் விளிம்பே காணாமல் போகும். கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓடும் பழைய கார்களில், அசையாமல் நிற்கும் மாதங்களில்தான் இந்த அரிப்பு நடக்கிறது. பழைய வகைக் கூலன்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கார் எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும், முழுவதுமாக வடித்து மாற்றுங்கள். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள்.