மாயன் எழுத்தை யாருமே படிக்க முடியாம இருந்துச்சாமே, அப்புறம் எப்படி படிச்சாங்க?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது. மாயன்னா மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் வாழ்ந்த பழைய மக்கள். மனசு கஷ்டப்படுற விஷயம் என்னன்னா, அந்த ஏடுகளை எரிச்ச ஆள் எழுதி வச்ச குறிப்பை வச்சுத்தான் பின்னாடி படிச்சாங்க.

டியேகோ டி லாண்டான்னு ஒரு ஸ்பெயின் பாதிரியார். 1562 ஜூலைல, இன்னிக்கு மெக்சிகோவுல இருக்கற யுகட்டான் பகுதியில, மானிங்கற ஊர்ல, எல்லாம் பிசாசு வேலைன்னு சொல்லி மாயன் ஏடுகளைக் குவிச்சு கொளுத்திட்டார். இன்னிக்கு உலகம் பூரா மிஞ்சியிருக்கறது நாலே நாலு ஏடு. அப்புறம் அவரே யுகட்டான் பத்தி ஒரு நூல் எழுதறப்போ எழுத்து தெரிஞ்ச ஒரு மாயன்கிட்ட ஏ, பி, சி எழுதிக் காட்டச் சொல்லியிருக்கார். ஸ்பானிஷ்ல பி எழுத்தோட பேரு 'பே', அதனால அந்த ஆள் காதுல விழுந்த 'பே' சத்தத்துக்கு என்ன குறியோ அதைப் போட்டுக் கொடுத்திருக்கார், அதாவது நம்ம உயிர்மெய் மாதிரி. லாண்டா அதை வெறும் 'ப்'ங்கற தனி எழுத்துன்னு நினைச்சுட்டார். அந்த நூலோட பிரதி 1862ல மாட்ரிட்ல கிடைச்சப்போ எல்லாரும் ஏபிசிடி மாதிரியே படிச்சுப் பார்த்தாங்க, எதுவும் ஒட்டல, இது உதவாதுன்னு ஒதுக்கிட்டாங்க.

1952ல லெனின்கிராட்ல இருந்த யூரி க்னோரோசோவ்ங்கற சோவியத் ஆராய்ச்சியாளர், மாயன் ஊரு எதையும் கண்ணால பார்க்காதவர், அதை மறுபடி கையில எடுத்தார். ஏட்டுல ஒரு வான்கோழி படம், மேல ரெண்டு குறி. முதல் குறி லாண்டா லிஸ்ட்ல 'கு'ன்னு இருக்கு. யுகட்டான் மாயா பாஷைல வான்கோழி 'குட்ஸ்', அப்போ ரெண்டாவது 'ட்ஸு'வா இருக்கணும். இன்னொரு இடத்துல நாய் படம், அங்க அதே 'ட்ஸு' முன்னாடி வருது, பக்கத்துல லாண்டா லிஸ்ட்ல உள்ள 'லு'. நாய்க்கு அவங்க சொல்றது 'ட்ஸுல்'! கடைசி உகரத்தை எழுதுவாங்க, படிக்கறப்போ விட்டுடுவாங்க. பழைய ஓலைச்சுவடில புள்ளி வைக்காம எழுதியிருந்தாலும் நாம மெய்யா படிச்சுக்கறோமே, அது மாதிரின்னு வச்சுக்கங்க. இதை பேப்பர்ல வரைஞ்சு என் அக்கா பையனுக்குக் காட்டினேன், ரெண்டாவது படத்துலயே அவனே 'ட்ஸு'ன்னு சொல்லிட்டான், எனக்கு சிலிர்த்துப் போச்சு.

அப்போ இந்தத் துறைல பெரிய ஆளு எரிக் தாம்ப்சன். அவர் 1975ல சாகற வரைக்கும் க்னோரோசோவ் சொன்னதை ஒத்துக்கல, அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் பனிப்போர் காலம் வேற. ஆனா 1960லயே தத்தியானா ப்ரோஸ்கூரியாகோஃப்ங்கற ஆராய்ச்சியாளர், பியட்ராஸ் நெக்ராஸ்ங்கற பழைய மாயன் ஊரோட கல்வெட்டுல இருக்கற தேதிகள் எல்லாம் ராஜாக்கள் பொறந்தது, பட்டத்துக்கு வந்ததுன்னு காட்டிட்டாங்க. அதுவரைக்கும் வெறும் நாள், நட்சத்திரக் கணக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க. 1973ல பாலெங்கேங்கற இன்னொரு பழைய மாயன் ஊர்ல நடந்த ஒரு கூட்டத்துல மூணு ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து ஒரே மதியத்துல அந்த ஊர் ராஜாக்கள் வரிசையவே எடுத்துட்டாங்க.

நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு, இதே க்னோரோசோவ் 1960கள்ல சிந்துவெளி எழுத்தையும் ஆராய்ஞ்சார், அது திராவிட மொழியா இருக்கும்னு சொன்ன சோவியத் குழுல இருந்தார். மாயன் பூமிய அவர் முதல் தடவை பார்த்தது 1990ல, குவாத்தமாலால.

லாண்டாகிட்ட உட்கார்ந்த அந்த மாயன் ஆளையும் எனக்கு மறக்க முடியல. ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுன்னதும் அவர் எழுதினது 'மா இன் காத்தி', எனக்கு இஷ்டம் இல்லன்னு அர்த்தம். லாண்டா அதையும் அப்படியே குறிச்சு வச்சிருக்கார்.