நூற்றிருபது பிள்ளைகள், ஒரே புத்தகம்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். நான் படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இப்போது 120 பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் விவசாயக் கூலிக் குடும்பங்கள். நண்பர்கள் சேர்ந்து 25,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். நவம்பர் 14 அன்று விழா வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நல்ல புத்தகம் கொடுக்கத் திட்டம். திருக்குறள் உரையா, தலைவர்களின் வாழ்க்கை வரலாறா என்று எங்களுக்குள் விவாதம். நீங்கள் ஒன்றைச் சொன்னால் மொத்தமாக வாங்கிவிடுவோம். தலைமையாசிரியருக்குச் சம்மதம்தான். ‘கிழிச்சிருவாங்க’ என்ற கவலை மட்டும் அவருக்கு இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

இரண்டும் வேண்டாம். குறள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தலைவர் வரலாறுகள் விழாவுக்கென்றே அச்சாகிறவை. கொடுப்பவருக்குத் திருப்தி தரும், வாங்கிய பிள்ளை அட்டையைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துவிடும்.

அதைவிட முக்கியம், 120 பேருக்கும் ஒரே புத்தகம் கொடுத்தால் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது ஒரு புத்தகம்தான். எல்லோரிடமும் அதுவே இருக்கும்போது ‘நீ படிச்சிட்டியா, எனக்குக் குடு’ என்று கேட்க ஒன்றுமில்லை. ஐம்பது அறுபது ரூபாய்க்குள் வண்ணப்படங்களோடு நல்ல சிறுவர் புத்தகங்கள் கிடைக்கின்றன. உங்கள் பணத்துக்கு நானூறு வரும். இருநூறு தலைப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் என்று பள்ளிக்குப் பொதுவாக வாங்குங்கள். இரண்டு எதற்கென்றால், கூட்டாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கதையைப் படிப்பதில் ஒரு குஷி இருக்கிறது. சால்வைக்கும் பேனருக்கும் ஒதுக்கியிருந்தால் அதையும் இதிலேயே போடுங்கள்.

வயதைப் பார்த்துப் புத்தகம் வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிராமப் பிள்ளைகளின் படிப்புத் திறனை அளக்கும் அசர் (ASER) ஆய்வில், 2022-இல் இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 42.8 விழுக்காடுதான். அப்படித் தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகரும். ‘போய்க்கொண்டி’ என்று வரி முடிந்து, ‘ருந்தது’ அடுத்த வரியில் கிடந்தால் அங்கேயே விழுந்துவிடும். திரும்ப முதல் வரிக்குப் போகும். இரண்டு தடவை இப்படி ஆனால் மூடி வைத்துவிடும். அதனால் வாங்கும்போது கதையை மட்டும் பார்க்காமல் பக்கத்தையும் பாருங்கள். எழுத்து பெரிதா, சொல் உடையாமல் வரி முடிகிறதா, பேச்சு பேச்சாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் பக்கத்துக்கு இரண்டு வரி உள்ள புத்தகம் தேவைப்படலாம். ‘சின்னப் பசங்க புக்கு’ என்ற கூச்சம் வராமல் எல்லாவற்றையும் கலந்து வையுங்கள்.

வாங்குவதற்கு முன் பள்ளியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் வந்திருக்கின்றன. நன்றாகவே இருக்கின்றன. அவை வந்திருந்தால், இல்லாததை மட்டும் வாங்கினால் போதும். துளிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் என்ற மூன்று பதிப்பகங்களின் தமிழ்ப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.

சரி, தலைமையாசிரியரின் கவலைக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் தொலைந்தால் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால்தான் பல பள்ளிகளில் புத்தகம் பீரோவிலும், சாவி மேசை டிராயரிலும் இருக்கிறது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே, படிக்கக் கொடுக்கும் ஆயிரம் புத்தகத்துக்கு ஆண்டில் ஐந்து தொலைவதை நியாயமான இழப்பாக ஏற்றுக்கொள்கின்றன. பெரியவர்கள் வரும் நூலகத்துக்கே இந்தக் கணக்கு. பிள்ளைகளிடம் ஐம்பது போனாலும் எனக்கு வருத்தமில்லை. ‘கிழிந்தால், தொலைந்தால் கேட்க மாட்டோம், அடுத்த ஆண்டு ஈடு செய்வோம்’ என்று நீங்களே அவரிடம் எழுதிக் கொடுங்கள். நானூறையும் இப்போதே வாங்காமல் ஐயாயிரம் ரூபாயை அதற்கென்று நிறுத்தி வைத்தாலும் சரி.

புத்தகங்களை வகுப்பில் கயிறு கட்டி, துணி கிளிப்பில் தொங்க விடலாம். அட்டை தெரிந்தால்தான் கை போகும். வீட்டுக்கும் போகட்டும். புளிக்கறையோடு திரும்பி வந்தால் வீட்டில் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம், வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் அரை மணி நேரம் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நானூறு புத்தகம் வாங்குவதைவிட இதற்கு ஆள் பிடிப்பது கஷ்டம். உள்ளூரில் கல்லூரி படிக்கும் பெண்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் இதெல்லாம் புதிதும் அல்ல. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டது 1931-இல். ‘புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே’ என்பது முதல் விதி. அதே ஆண்டில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். தலைமையாசிரியரிடம் பேசும்போது இதையும் சொல்லிப் பாருங்கள், ஊர்ப் பெருமைக்கு மனசு இளகும்.

வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், அதில் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் எத்தனை பேர் என்று ஆசிரியர்களிடம் கேட்டு எழுதுங்கள். அது கைக்கு வந்ததும் பட்டியல் போட்டு அனுப்புகிறேன்.