அமெரிக்க நடிகை லிண்டா ஃபியோரென்டினோவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைக்காதது ஏன்?

விமர்சகர்கள் ஒதுக்கியதால் அல்ல. அவர் நடித்த ‘தி லாஸ்ட் செடக்‌ஷன்’ 1994இல் திரையரங்குக்கு வருமுன்பே ஹெச்பிஓ கேபிள் சேனலில் ஓடிவிட்டது. முதலில் தொலைக்காட்சியில் காட்டிய படம் ஆஸ்கர் போட்டிக்கு வர முடியாது என்பது ஆஸ்கர் வழங்கும் அகாடமியின் விதி. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

“கேபிள் படம் என்றாலே இரண்டாந்தரம்” என்று எங்கோ படித்ததால் விமர்சகர்கள் அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்ற குழப்பம் உங்களுக்கு வந்திருக்கலாம். உண்மையில் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் படத்துக்கு நான்குக்கு நான்கு நட்சத்திரமும் கொடுத்தார். நியூயார்க் விமர்சகர்கள் வட்டத்தின் சிறந்த நடிகை விருது லிண்டாவுக்குத்தான். பிரிட்டனின் பாஃப்டா திரைவிருதுக்கான பரிந்துரையும் வந்தது. பிரிட்ஜெட் பாத்திரத்தில் அவர் காட்டிய அந்தக் குளிர்ந்த நிதானத்துக்கு இவ்வளவும் தகும், இன்னமும் தகும்.

சந்தேகம் இருந்தால் அதே இயக்குநர் ஜான் டாலின் ‘ரெட் ராக் வெஸ்ட்’ படத்தைப் பாருங்கள். அதுவும் ஹெச்பிஓவில் வந்த பிறகுதான் அமெரிக்கத் திரையரங்குகளில் பேர் வாங்கியது. எந்தப் படமானாலும் முதல் ஒளிபரப்புத் தேதியையும் திரையரங்குத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஆனால் ஒன்று, இந்தக் கணக்கை 2020இல் வந்த ஓடிடி படங்களுக்கு அப்படியே போடாதீர்கள். அந்த ஆண்டு கொரோனா காரணமாக அகாடமி இந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது.