மலை ஏரிக்கு ஒரே நாளில் ஏறி இறங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 58. நாள்தோறும் எங்கள் ஊருணியைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கிறேன். வரும் செப்டம்பர் முதல் வாரத்தில் ஊரார் சிலராகப் பத்ரிநாத் செல்கிறோம். அப்பக்கத்தில் ஒரே நாளில் ஏறிப் பார்த்துத் திரும்பக்கூடிய மலை ஏரி உண்டா? அவ்வளவு உயரத்தில் யாரும் கரை போடாமல் நீர் எப்படித் தேங்குகிறது?
– வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், சீக்கியர்களின் குருத்வாராவும் லட்சுமணர் கோவிலும் கரையில் அமைந்த ஹேமகுண்ட் ஏரியே உங்களுக்கு ஏற்றது. ஆனால் ஒரே நாள் என்பது, ஏரிக்குப் போகும் வழியிலுள்ள கங்காரியா என்னும் சிற்றூரிலிருந்து கணக்கிட்டால்தான் பொருந்தும். பத்ரிநாத் சாலையில் உள்ள கோவிந்த்காட்டில் இறங்கி, புல்னா வரை ஜீப்பில் சென்று, அங்கிருந்து சுமார் 10 கி.மீ. நடந்தால் கங்காரியா வரும். அங்கே இரண்டு இரவுகள் தங்கி, நடுவிலுள்ள பகலில் ஏரிக்குச் சென்று வர வேண்டும்.

கங்காரியாவிலிருந்து ஏரிக்குத் தொலைவு 6 கி.மீ.தான், ஆனால் அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஊருணிக் கரையில் நடந்து பழகிய கால்கள் தாங்கும். மூச்சைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடே. முதன்முறை சென்றபோது நான் எங்கும் தங்காமல் விரைந்து ஏறி, கடைசிக் கற்படிகளில் தலைவலியும் குமட்டலும் கண்டு, ஏரியைக் காணாமலே இறங்கினேன். ஆகவே முதலில் பத்ரிநாத்திலேயே இரண்டு இரவுகள் தங்கிவிடுங்கள். அதுவும் கங்காரியாவைப் போலவே 3,000 மீட்டரைத் தாண்டிய இடமாதலால், உடல் மெலிந்த காற்றுக்குப் பழகிவிடும். தலைவலி வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைத்தாலோ, ஏரி கண்ணெதிரே இருந்தாலும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவராயின், புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். இப்போதிருந்தே வாரம் ஒருமுறை விடியற்காலையில் பிரான்மலை ஏறிப் பழகுவது, சமதரையில் எத்தனை சுற்று நடப்பதைக் காட்டிலும் உதவும்.

விடியும் முன்பே புறப்படுங்கள். பிற்பகலில் மேகம் இறங்கி ஏரியை மூடிவிடும். மேலே இரவு தங்க அனுமதியும் இல்லை. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைவதால், காரைக்குடியில் 36 டிகிரி இருக்கும் நேரத்தில் ஏரிக்கரையில் 8 டிகிரிதான் இருக்கும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை அங்கே உலராது. கம்பளி உள்ளாடையும் மழைக்கோட்டும் தேவை. வழியில் கொறிக்க வீட்டில் பிடித்த மாவுருண்டைக்கு மேலானது எதுவுமில்லை. முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மட்டக்குதிரையும் கிடைக்கும்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. அங்கேயும் கரை இருக்கிறது. அதைப் போட்டது பனி. முற்காலத்தில் அந்த மலைச்சரிவில் தங்கிய பனிக்கட்டி ஆறு, தன் எடையால் மெல்ல நகர்ந்து, அடியில் சிக்கிய பாறைத் துண்டுகளால் மலையைச் சுரண்டிக் கிண்ணம் போன்ற பள்ளத்தைத் தோண்டியது. தோண்டிய கல்லையும் மண்ணையும் முன்னே தள்ளிக் கொண்டுவந்து விளிம்பில் குவித்தது. பின்னர் பனி உருகிப் பின்வாங்கியபோது, குவிந்தது கரையாகவும் பள்ளம் ஏரியாகவும் நின்றன. நம் கண்மாய்க்கு வரத்துக்கால் மழைநீரைக் கொண்டுவருவது போல, அதற்குச் சுற்றியுள்ள சிகரங்களின் உருகும் பனி நீரைத் தருகிறது. நீருக்கடியில் கரையோரக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். கையை விட்டால் சில நொடிகளில் விரல் மரத்துப்போகும்.

அந்த ஏரிக்குக் கலுங்கும் உண்டு. மறுகால் பாயும் நீர் ஓடையாக இறங்கி, கங்காரியா அருகே புஷ்பவதி ஆற்றுடன் சேர்ந்து லட்சுமண கங்கையாகி, கோவிந்த்காட்டில் அலக்நந்தா ஆற்றில் கலக்கிறது. நீங்கள் ஏறும் வழி நெடுகிலும் காதில் விழும் இரைச்சல் அந்த நீருடையதுதான்.